தவளைவாயனுக்குப் பெயரிட்டவர்கள்

1859ஆம் ஆண்டு, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ராபர்ட் கிரே, இமயமலைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு பறவையை விவரித்து அதற்கு ‘ஓட்டோத்ரிக்ஸ் ஹாட்ஜ்சோனி’ என்று பெயர் சூட்டினார். முதற்சொல் கிரேக்கம், காது, மயிர் என்னும் இரு சொற்களின் கூட்டு. பறவையின் காதோரத்தில் மயிர்போல நீண்டு நிற்கும் இறகுகளே அப்பெயருக்குக் காரணம். இரண்டாம் சொல் பிரையன் ஹாட்டன் ஹாட்ஜ்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக இடப்பட்டது. அப்பறவை எத்தகைய காட்டில் வாழ்ந்தது, இரவில் எவ்வாறு குரலெழுப்பியது என்பவற்றுக்கு இப்பெயரில் இடமில்லை. பாடம் செய்யப்பட்ட தோலிலிருந்து அவற்றை அறியவும் வழியில்லை.

இன்று அப்பறவை ‘பட்ராகோஸ்டோமஸ் ஹாட்ஜ்சோனி’ எனப்படுகிறது; ஹாட்ஜ்சன் தவளைவாயன் என்று தமிழில் சொல்லலாம். கிழக்கு இமயத்தில் தொடங்கி வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகியவற்றின் மலைக்காடுகள் வரை அது பரவியுள்ளது. இந்தியாவில் அதற்கு ஒரே ஓர் உறவினம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இலங்கைத் தவளைவாயன் அது. அறிவியல் பெயர் ‘பட்ராகோஸ்டோமஸ் மோனிலிகெர்’. மற்ற உறவினங்களைத் தேடித் தென்கிழக்கு ஆசியாவுக்கும் அதற்கப்பால் நியூகினி, ஆஸ்திரேலியா வரைக்கும் செல்ல வேண்டும்.

இலங்கைத் தவளைவாயன் சுமார் 23 செ.மீ. நீளமுள்ளது; மைனா அளவு. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, தலையின் அகலத்துக்கு விரியும் அலகு, அலகைச் சுற்றி விறைத்த மயிர்கள். பகல் முழுவதும் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று ஒட்டியபடி அடர்ந்த புதரிலோ கொடிப்பின்னலிலோ அசையாமல் அமர்ந்திருக்கும். ஆண் சாம்பல் கலந்த பழுப்பு; பெண் செம்பழுப்பு. ஒன்று பட்டை உரிந்த கிளை, மற்றது கிளையில் சிக்கிய சருகு என்றே கண் முடிவு செய்துவிடும். யாரேனும் நெருங்கினால் பறந்து செல்வது அரிது. கழுத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, அலகை வானோக்கி உயர்த்தி, கண்களைக் கீற்றாக ஒடுக்கி, முறிந்த கிளையின் முனையாக மாறி நிற்கும். அந்த அசைவு மிக மெதுவானது என்பதால், பார்ப்பவர் ஓர் அசைவைப் பார்த்ததாகவே உணர்வதில்லை. கூடும் அவ்வாறே. தன் மெல்லிறகுகளைத் திண்டுபோலத் திரட்டி, அதன் வெளிப்புறத்தில் பாசியையும் பட்டைத் துணுக்குகளையும் ஒட்டி, கிளையின் ஒரு முடிச்சைப் போன்ற கூட்டை அமைத்து, அதில் ஒரே ஒரு வெண்ணிற முட்டையை இடும். பகலில் அடைகாப்பது ஆண். வெண்முட்டையை ஒளித்துவைக்க மரப்பட்டை நிறமுள்ள உடலே மூடியாகிறது.

இவ்வளவு கவனமாகக் கண்ணிலிருந்து தப்பும் பறவை, காதிலிருந்து தப்ப முயல்வதே இல்லை. அந்தியிலும் விடியலுக்கு முன்பும் பெண் பறவையின் கரகரத்து இறங்கும் அலறலும் ஆண் பறவையின் விரைந்த அடுக்கொலியும் காட்டில் நெடுந்தொலைவு கேட்கும். ஆகவே காட்டருகே வாழ்பவருக்கு இப்பறவை முதலில் ஒரு குரல். அருங்காட்சியகத்தில் இருப்பவருக்கு அது ஒரு வாய், ஒரு கழுத்து வரி, ஒரு காது மயிர். இதன் பெயர்களின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டாம் தரப்பினர் எழுதியது.

அப்படி ஆகவேண்டிய கட்டாயம் இருந்ததா என்னும் வினாவை எழுப்புபவர் ஹாட்ஜ்சனே. 1820களில் காட்மாண்டுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகி, 1833 முதல் 1843 வரை அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் அவர். பள்ளத்தாக்கைத் தாண்டி அயலார் செல்ல நேபாள அரசு அனுமதிக்காததால், உள்ளூர் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த உயிரினங்களைக் கொண்டே தம் ஆய்வை நடத்தினார். ராஜ்மான் சிங் போன்ற நேபாள ஓவியர்களைப் பணியமர்த்தி ஆயிரக்கணக்கான படங்களை வரையச் செய்தார். பதவியிழந்து இங்கிலாந்து சென்று, 1845இல் டார்ஜிலிங்குக்குத் திரும்பி 1858 வரை அங்கே வாழ்ந்தார். பறவையியலாளர் நினைவில் வைத்திருக்கும் ஹாட்ஜ்சன் இவர்.

மொழியியலாளர் அறிந்த ஹாட்ஜ்சன் வேறொருவர். கோச், போடோ, திமால் மக்களைப் பற்றி 1847இல் வெளியிட்ட நூலில் அம்மொழிகளின் சொற்தொகுதியையும் இலக்கணத்தையும் தந்தவர். 1850களின் இறுதியில் கிழக்கு நேபாளத்தின் கிராந்தி மொழிகளுக்கு ஒப்பீட்டுச் சொற்பட்டியல்களைத் தயாரித்தவர். வாயு, பாஹிங் மொழிகளைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்றும் கிராந்தி ஆய்வாளர் எவரும் தவிர்க்க முடியாது. 1856இல் நீலகிரியின் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் மொழிச் சொற்களையும் அவர் வெளியிட்டார். அவர் நீலகிரிக்குச் சென்றதில்லை. அங்கிருந்த பாதிரியார் வழியாகச் சொற்களை வரவழைத்தார். இந்தியாவின் பழங்குடி மக்கள் அனைவரையும் ‘தமுலியன்’ என்னும் ஒரே குடும்பமாகக் கருதிய கோட்பாடும் அவருடையதே. அதே 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து ‘திராவிடம்’ என்ற சொல்லை நிலைநிறுத்தியதும், ஹாட்ஜ்சனின் ‘தமுலியன்’ மெல்ல வழக்கொழிந்தது.

சொற்களையும் பறவைகளையும் ஒரே மேசையில் சேகரித்தவர் ஹாட்ஜ்சன். அந்த இரு சேகரிப்புகளும் அவரிடம் தனித்தனியாகவும் இருக்கவில்லை. தாம் விவரித்த புதிய பறவைகளுக்கு நேபாள மக்களிடையே வழங்கிய பெயர்களையே அறிவியல் பேரினப் பெயர்களாக்கினார். மின்லா, யுஹினா, டெசியா, குட்டியா என 1830களில் அவர் இட்ட பெயர்கள் இன்றும் செல்லுபடியாகும் பேரினங்கள். இலத்தீனமும் கிரேக்கமும் மட்டுமே அறிவின் மொழிகள் என்று கொண்டிருந்த வட்டாரத்தில் இது சிறிய செயலன்று.

எதிர்ப்பும் வந்தது. 1842இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்துக்காக ஹியூ ஸ்டிரிக்லாண்ட் தலைமையிலான குழு விலங்கியல் பெயரிடலுக்கான விதிகளை வகுத்தது. டார்வினும் அதில் ஓர் உறுப்பினர். சிறந்த பெயர்கள் இலத்தீனத்திலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ பெறப்பட்டவையே என்றும், பிற மொழிச் சொற்கள் ‘காட்டுமிராண்டி’ச் சொற்கள் என்றும் அவ்விதிகளின் பரிந்துரைப் பகுதி கருதியது. சூட்டப்பட்டுவிட்ட பெயரை அதற்காக மாற்றலாகாது என்ற அளவில் நேபாளச் சொற்கள் தப்பின. இனி வரும் பெயர்களுக்கான வழக்கு எதுவென்பது தெளிவாயிற்று. கிரே 1859இல் கிரேக்கத்தை நாடியதில் வியப்பில்லை. நேபாளச் சொற்களை அறிவியலுக்குள் கொண்டுவந்தவரின் பெயர் பறவைக்குக் கிடைத்தது. அவர் கையாண்ட முறை கிடைக்கவில்லை.

தென்னக இனத்தின் கதை இன்னும் சுருக்கமானது. இலங்கையில் குடிமைப் பணியிலிருந்த எட்கர் லேயார்டு சூட்ட எண்ணிய பெயரை, கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்டு பிளைத் 1849இல் வெளியிட்டார். ‘மோனிலிகெர்’ என்றால் கழுத்தணி பூண்டது. பேரினப் பெயரான ‘பட்ராகோஸ்டோமஸ்’ 1838இல் ஜான் கூல்டு உருவாக்கியது. கிரேக்கத்தில் பட்ராகோஸ் தவளை, ஸ்டோமா வாய். ஆஸ்திரேலிய உறவினத்தின் பேரினப் பெயரான ‘பொடார்கஸ்’ கீல்வாதக் காலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். கால்கள் வலுவற்றவை என்பதால் அப்பெயராம். வாய், கழுத்து, காது, கால் என்று உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தொண்டையை மட்டும் எவரும் நினைக்கவில்லை.

அந்தக் கிரேக்கச் சொல் பின்னர் ஆங்கிலமாகி, நம் மொழிகளுக்குள் இறங்கியது. தமிழில் தவளைவாயன், கன்னடத்தில் கப்பெபாயி, அதாவது தவளை வாய், சிங்களத்தில் மெடிமுஹுணா, அதாவது தவளை முகம். மலையாளத்தில் வழங்கும் மாக்காச்சிக்காட என்ற பெயர் சற்றே வேறானது. மாக்காச்சி தவளை, காட என்பது நம் காடை. தவளை இங்கும் நீங்கவில்லை. ஆனால் வாயை விட்டுவிட்டு, தரையோடு தரையாக மறையும் புள்ளிநிறப் பறவையான காடையை அருகில் வைத்திருப்பதில் நிறத்தைக் கவனித்த ஒரு கண் தெரிகிறது. மொழிபெயர்ப்புகளுக்கு நடுவே அது மட்டும் கொஞ்சம் மூச்சுவிடுகிறது.

இவற்றோடு, ஊரருகே வாழும் இரவுப் பறவைகளின் பெயர்களை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தவளைவாயனுக்குத் தோற்றத்தில் நெருங்கிய பக்கியை மலையாளிகள் ராச்சுக்கு என்கின்றனர். ரா என்பது இரவு. சுக்கு என்பது அப்பறவையின் விட்டுவிட்டு ஒலிக்கும் குரலின் ஒலிக்குறிப்பாகவே படுகிறது. ஆங்கிலத்திலும் அவ்வாறே. பக்கிக்கு அவர்கள் வழங்கும் ‘நைட்ஜார்’ என்ற பெயரிலுள்ள ஜார், குடுவையன்று. இரவில் எழும் கரகர ஒலி. தமிழில் கூகையின் பெயரிலேயே அதன் கூவல் இருக்கிறது. புறநானூற்றின் 364ஆம் பாடலைப் பாடிய புலவருக்கு, அப்பாடலில் வரும் இரவுப் பறவையையொட்டிக் கூகைக் கோழியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய இயற்பெயர் மறைந்து பறவையின் பெயர் எஞ்சியது.

‘பக்கி’ என்ற சொல்லின் பயணமும் சுவையானது. வடமொழிப் பக்ஷி பிராகிருதத்தில் பக்கியாகித் தெற்கே வந்தது. கன்னடத்தில் சொல்லின் முதற் பகரம் ஹகரமாகி ‘ஹக்கி’ என்று நிற்கிறது. பறவை என்ற பொதுப்பொருளை அது இழக்கவில்லை. தமிழில் பொதுப்பெயர் குறுகி ஓர் இரவுப் பறவைக்குரியதாயிற்று. நாற்றம் என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் போன்ற பொருட்குறுக்கம்தான். ஆனால் எல்லாப் பறவைகளுக்குமான சொல், பெரும்பாலோர் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு பறவையிடம் போய்ச் சேர்ந்தது வேடிக்கையே.

ஒலிவழிப் பெயரிடல் தென்னிந்தியாவின் தனிப் பண்பன்று. பெருவின் அகுவருனா, ஹுவம்பிசா மொழிகளில் பறவைப் பெயர்களிடையே ஒலிக்குறிப்புச் சொற்கள் எவ்வளவு மிகுந்துள்ளன என்பதை பிரென்ட் பெர்லினும் ஜான் ஓநீலும் 1981இல் காட்டினர். நியூகினியின் காலுலி மக்கள் பறவைகளை முதன்மையாகக் குரல்களாகவே அறிகின்றனர் என்பதை ஸ்டீவன் ஃபெல்டு 1982இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அடர்ந்த மலைக்காட்டில் இருபதடிக்கு அப்பால் கண்ணுக்கு வேலையில்லை. அங்கே உருவத்தால் பறவையை வகைப்படுத்துவதே செயற்கையானது.

இங்கேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்ப் பட்டியல்களை மறுபடி வாசிக்க வேண்டியுள்ளது. தாமஸ் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘இந்தியாவின் பறவைகள்’ நூலில் பல பறவைகளுக்கு இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ், லெப்சா எனப் பல மொழிப் பெயர்களைத் தருகிறார். அதன் மதிப்பு பெரிது. ஆயினும் அக்கால இயற்கையியலாளர் இப்பெயர்களைப் பெற்ற சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். சுடப்பட்ட பறவை மேசைமீது கிடக்கிறது, பகல் வெளிச்சம், வேட்டைக்காரரிடம் இது என்னவென்று கேட்கப்படுகிறது. காகத்துக்கும் கொக்குக்கும் மயிலுக்கும் இம்முறை பொருந்தும். வாழ்நாள் முழுவதும் இருட்டில் கேட்டு மட்டுமே அறிந்த ஒன்றை, அலகு திறந்து கிடக்கும் ஓர் உடலில் அடையாளம் காணச் சொல்வது வேறு. அவர் அக்குரலுக்கு ஒரு பெயரை அறிந்திருக்கலாம். அந்த உடலுக்கும் அந்தக் குரலுக்கும் உரிய தொடர்பை எவரும் அவருக்குக் காட்டியிருக்கமாட்டார்கள். அவர் பொதுச்சொல் ஒன்றைக் கூறுவார், அல்லது பெயரில்லை என்பார். பட்டியலில் ஒரு வெற்றிடம் விழும். பின்னால் வருபவர் அந்த வெற்றிடத்தை ‘உள்ளூர் மக்கள் இப்பறவையை அறியார்’ என்று வாசிப்பார். களப்பணியில் கேள்வியின் வடிவமே விடையைத் தீர்மானிக்கும் என்பதை மொழியியல் மாணவர் முதல் பருவத்திலேயே கற்கின்றனர். தாவர, விலங்குப் பெயர்களைச் சேகரிக்கும்போது மட்டும் படப்புத்தகத்தை நீட்டும் வழக்கம் இன்றும் போகவில்லை.

ஹாட்ஜ்சனின் சொற்பட்டியலும் இதற்கு விலக்கன்று. அவர் பயன்படுத்திய ஒப்பீட்டுப் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் அமைந்த நிலையான சொல் வரிசை. பறவை, காகம், காது, மயிர், வாய், இரவு ஆகிய சொற்கள் அதில் உண்டு. இமயத்தின் பல மொழிகளிலும் அச்சொற்களை அவர் எழுதி வைத்தார். வில்லியம் ஹண்டர் 1868இல் வெளியிட்ட ஒப்பீட்டு அகராதிக்கு அடித்தளமும் ஹாட்ஜ்சனின் பட்டியல்களே. கிரே கிரேக்கத்தில் தேடிய காதும் மயிரும் லெப்சாவிலும் பாஹிங்கிலும் ஏற்கெனவே ஹாட்ஜ்சனின் தாள்களில் இருந்தன என்று நினைத்துப் பார்ப்பது ஒருவகை வேதனை. ஆனால் அதைவிட அடிப்படையான குறை, ‘இரவில் கேட்கும் அந்த ஓசை என்ன’ என்ற வினா அத்தகைய பட்டியலில் அமையவே முடியாது என்பது.

இருபதாம் நூற்றாண்டில் தெற்கின் தவளைவாயன் மெல்ல உயிருள்ள பறவையாயிற்று. திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவோடு சலீம் அலி 1933இல் நடத்திய பறவைக் கணக்கெடுப்பில் பெரியாற்றங்கரையின் தட்டேக்காடு அவரை வெகுவாகக் கவர்ந்தது. அவ்விடம் 1983இல் சரணாலயமாகி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய மாணவர் ஆர். சுகதன், கேரளக் காடுகளில் தவளைவாயனின் இனப்பெருக்கத்தை நேரில் கவனித்து 1981இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். குஞ்சு வெளியேறியதும் ஆண் பறவை கூட்டைக் கலைத்துவிடும், அடுத்த பருவத்தில் அதே இடத்தில் புதிதாகக் கட்டும் என்பன போன்ற செய்திகள் தோலிலிருந்து கிடைக்கக்கூடியவை அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தவளைவாயன்கள் இடம்பெற்றன. அங்கே இனப்பெயர் தனித்தனியாக இருக்கவில்லை. ‘பட்ராகோஸ்டோமஸ் பேரினம்’ என்று கூல்டின் கிரேக்கமே சட்டத்தின் சொல்லாக நின்றது.

தட்டேக்காட்டுக்கு இன்று வரும் ஒளிப்படக் கலைஞர்கள் இரவில் வருவதில்லை. பகலில் இணை அமர்ந்திருக்கும் கிளையைக் காட்டுமாறு வழிகாட்டிகளைக் கேட்கின்றனர். ஒரே கிளையைப் பறவை நாள்கணக்கில் பயன்படுத்துவதால் அது எளிது. அந்தக் கிளையைக் கண்டுபிடிப்பதற்கு வழிகாட்டிகள் செலவிட்ட அந்திகளும் செவியும் படத்தின் அடிக்குறிப்பில் வருவதில்லை. தவளைவாயன் என்ற பெயர் மட்டும் வருகிறது. காணப்படாமலிருப்பதே வாழ்வாகக் கொண்ட பறவை, காணப்படுவதற்காகவே பெயர்பெற்றிருப்பதில் ஒரு முரண் உண்டு. ஓர் இடத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ந்தால், பறவையின் உருமறைப்பு அதற்கு எவ்வகையிலும் உதவாது.

இதற்கிடையே குரல் வேறொரு வழியில் ஆய்வுக்குள் வந்துவிட்டது. 2005இல் தொடங்கிய ‘சீனோ-கான்டோ’ என்னும் பறவையொலிக் களஞ்சியத்தில் இரு தவளைவாயன்களின் குரல்களும் எவரும் கேட்கக் கிடைக்கின்றன. காட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துப் பறவைகளைக் கணக்கிடும் முறையும் பரவி வருகிறது. அந்தப் பதிவுகளைக் கொண்டு மொழியியலாளர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடர், முதுவர், மலசர் குடியிருப்புகளிலும் டார்ஜிலிங், சிக்கிமின் லெப்சா ஊர்களிலும் முதியவர்களிடம் படத்தைக் காட்டாமல் குரலைக் கேட்கச் செய்து பெயரைக் கேட்பதே அது. அதற்குக் காலம் அதிகமில்லை. ஹாட்ஜ்சன் இலக்கணம் எழுதிய வாயு மொழியை இன்று பேசுவோர் மிகச் சிலரே. காட்டுக்குள் ஒலிபெருக்கியில் குரலை ஒலிக்கவிட்டால், போட்டிப் பறவை வந்துவிட்டதென்று எண்ணி அடைகாக்கும் பறவை கூட்டைவிட்டு எழக்கூடும். ஆகவே அந்தப் பதிவை ஊருக்குள், திண்ணையில் அமர்ந்து, காதில் பொருத்தும் கருவியில்தான் கேட்கச் செய்ய வேண்டும்.